நேட்டால் கடலோரத்தில் மஞ்சள் பூக்கும் காட்டு அவரைக் கொடிகளை இனங்காணும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே வெருளம், டொங்காட் வரையிலும், தெற்கே சாட்ஸ்வர்த் பகுதியைச் சுற்றியும், கோடை மழை தொடங்கிய சில வாரங்களில் கரும்புத் தோட்டத்து வரப்புகளிலும் சாலையோரப் புல்லிலும் கம்பி வேலிகளிலும் மஞ்சள் நிறச் சிறு பூக்களோடு கொடிகள் சுற்றிக்கொண்டு ஏறுவதைக் காணலாம். எல்லாவற்றையும் காட்டு அவரை என்றோ காட்டுப் பயறு என்றோ பொதுப்பெயரால் சொல்லிவிடுவது நம் வழக்கம். ஆனால் அந்த ஒரே பெயருக்குள் குறைந்தது இரண்டு பேரினங்களை (நெருங்கிய இனங்களின் தொகுதிகளை) சேர்ந்த பல கொடிகள் இருக்கின்றன. அவற்றுள் மிகப் பரவலானதும், பூ மிகச் சிறியதாக இருப்பதால் பலரும் நின்று பார்க்காமல் கடந்து செல்வதுமான ரிங்கோசியா மினிமா என்ற கொடியின் தாவரவியல் கூறுகளைப் படிப்படியாகப் பார்த்து உறுதிசெய்யும் முறையை இங்கே விளக்குகிறேன். மற்றக் கொடிகளை, இதிலிருந்து பிரித்தறியத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

இந்தக் கொடிக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் டாலிக்கஸ் மினிமஸ் என்று பெயரிட்டார். ரிங்கோசியா என்ற பேரினத்தை லூரேரோ 1790இல் நிறுவினார். கொடியை அந்தப் பேரினத்துக்கு மாற்றியவர் டி கண்டோல், ஆண்டு 1825. வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் இது இயல்பாகவே வளர்கிறது. தமிழ்நாட்டின் கரிசல் நிலத்திலும் வேலியோரத்திலும் உண்டு, இங்கும் உண்டு. 1860இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை நேட்டாலுக்கு ஏற்றிவந்த முதல் கப்பலில் நம் முன்னோர் கொண்டுவந்த விதையிலிருந்து இது பரவியிருக்கலாம் என்று சிலர் கருதுவதுண்டு. அப்படி எண்ணத் தேவையில்லை, தென்னாப்பிரிக்காவுக்கும் இது சொந்தச் செடிதான்.

புறப்படும் முன்

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். இந்த வேலை முழுவதும் அதை நம்பியே நடக்கிறது, கைப்பேசிக் கேமரா அதற்கு ஈடாகாது. மில்லிமீட்டர் குறித்த அளவுகோல், குண்டூசி இரண்டு, புதிய பிளேடு, சிறு காகித உறைகள், பென்சில், குறிப்பேடு ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும், பென்சில் எழுத்து கரையாது.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போவது நல்லது. அப்போது ஒரே கிளையில் மேலே பூவும் கீழே முற்றிய காயும் சேர்ந்து கிடைக்க வாய்ப்பு அதிகம். பூ மட்டும் உள்ள கொடியை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவது கடினம். காய் மட்டும் இருந்தால்கூடப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

உயரமான புல்லுக்குள் இறங்கும்போது கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். உண்ணிகள் ஏறும், அவற்றின் கடியால் காய்ச்சல் வருவது இந்த நாட்டில் அரிதன்று. கடலோரப் புதர்க்காட்டில் பச்சை மாம்பாவும் கரு மாம்பாவும் வாழ்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை நுழைத்துக் கொடியை இழுக்காதீர்கள்.

சாட்ஸ்வர்த்தை ஒட்டிய சில்வர்கிளென் போன்ற இயற்கைக் காப்பகங்களில் பார்க்கலாம், அளக்கலாம், படமெடுக்கலாம். உரிய அனுமதியின்றிப் பறிக்கக் கூடாது. பூவைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் வீட்டு வேலியிலோ, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு தோட்டத்து ஓரத்திலோ உள்ள கொடியைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில், அது அவரைப் பூவா?

மஞ்சள் நிறமும் ஏறும் பழக்கமும் அவரைக் குடும்பத்துக்கு மட்டும் உரியவை அல்ல. இங்கே மிகுதியாகக் காணப்படும் துன்பெர்ஜியா அலாட்டா கொடியின் பூ மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறத்தில், ஐந்து மடல்களாக விரிந்து, நடுவே கரும்பொட்டு வைத்ததுபோல் இருக்கும். அதன் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமையும். அவரைக் குடும்பத்தின் இந்தக் கொடிகளில் இலைகள் கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி அமைவதால் இந்த ஒரு வேறுபாடே போதும். செனேசியோ டமாய்டஸ் என்ற கொடியும் மஞ்சளாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும், ஆனால் அது சூரியகாந்திக் குடும்பம். அதன் ஒவ்வொரு பூவும் உண்மையில் பல நுண்பூக்கள் சேர்ந்த தலை.

அவரைக் குடும்பத்துக்குள்ளேயே இன்னொரு பிரிவை விலக்க வேண்டியிருக்கிறது. மொரீசியஸ் முள் என்று இந்த நாட்டில் வழங்கும் பியான்கியா டெகாபெட்டலா ஒரு பெரிய ஏறுகொடி. தண்டெங்கும் வளைந்த முட்கள், இருமுறை கிளைத்த இறகு போன்ற இலைகள், நிமிர்ந்த கொத்துகளில் வெளிர்மஞ்சள் பூக்கள் என்பன அதன் அடையாளங்கள். பெயரில் மொரீசியஸ் இருந்தாலும் அதன் தாயகம் ஆசியா. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி அது 1பி வகை அயல் ஆக்கிரமிப்புத் தாவரம், நிலத்தில் இருந்தால் கட்டுப்படுத்துவது நில உரிமையாளரின் கடமை. அதன் பூவை ஆவாரம்பூவின் அருகில் வைத்துப் பார்த்தால் உறவு விளங்கும்: இதழ்கள் ஏறத்தாழ ஒரே அளவில் விரிந்து நிற்கும், மகரந்தத் தாள்கள் வெளியே தெரியும். நாம் தேடும் கொடியின் பூவில் மகரந்தத் தாள்கள் மூடப்பட்டிருக்கும். முள்ளும் கிடையாது.

பூவைப் பிரித்துப் பார்த்தல்

ரிங்கோசியா மினிமாவின் பூ 5 முதல் 8 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடமான இலைக்கக்கத்திலிருந்து நீளும் மெல்லிய காம்பில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, ஆறு முதல் பன்னிரண்டு பூக்கள் கீழ்நோக்கிச் சாய்ந்தவாறு அமைந்திருக்கும். கொத்தின் அடிப்பூ முதலில் மலர்ந்து காய்க்கத் தொடங்கும்போது நுனியில் மொட்டுகள் இருக்கும். புதிதாக மலர்ந்த பூவொன்றை வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து, காம்பை ஒரு குண்டூசியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்.

மேலே அகன்று நிற்கும் இதழ் கொடியல்லி. அதன் முதுகுப்புறத்தைப் பாருங்கள். பல கொடிகளில் அங்கே செம்பழுப்பு நிறக் கோடுகள் ஓடும். துவரம்பூவின் முதுகிலும் இத்தகைய கோடுகளைக் கண்டிருப்பீர்கள். சில கொடிகளில் கோடுகள் மங்கியோ இல்லாமலோ போவதும் உண்டு, ஆகையால் கோடு இல்லை என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம். கொடியல்லியின் அடியில் இருபுறமும் உள்மடிந்த சிறு காது போன்ற மடிப்புகள் இருக்கும். அடுத்து இரு பக்கமும் சிறகல்லிகள். அவற்றை நீக்கினால் விளிம்பால் ஒட்டிய இரண்டு இதழ்கள் சேர்ந்த படகல்லி தெரியும். இந்தப் பேரினத்தில் அதன் நுனி மேல்நோக்கி வளைந்து மூக்குப் போல முடியும்.

படகல்லியைக் குண்டூசி நுனியால் மெல்லக் கீழே அழுத்துங்கள். உள்ளேயிருந்து மகரந்தத் தாள்களும் சூலகமுடியும் மேலே எழும். தேனீ வந்து அமரும்போது அதன் எடையால் நடப்பதும் இதுவே, மகரந்தம் அதன் வயிற்றுப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். தாள்களை எண்ணினால் பத்து இருக்கும். ஒன்பது அடியில் ஒட்டி ஒரு குழலாகவும், கொடியல்லியின் பக்கம் உள்ள பத்தாவது தனியாகவும் நிற்கும். இது அவரை, துவரை, பயறு எல்லாவற்றுக்கும் பொதுவான அமைப்பு என்பதால் இனத்தைத் தீர்மானிக்க உதவாது. ஆனாலும் ஒருமுறையாவது பார்த்துப் பழகுவது நல்லது, ஏனென்றால் அடுத்த படிக்கு அந்தக் குழலைக் கிழித்தாக வேண்டும்.

குழலுக்குள் இருப்பது சூலகம். அதன் மேலே நீளும் சூலகத்தண்டைக் கைலென்ஸின் வழியே பாருங்கள். விக்னா என்ற பயற்றுப் பேரினத்தில் சூலகமுடிக்குக் கீழே உட்புறமாகத் தாடி போல மயிர்வரிசை இருக்கும். ரிங்கோசியாவில் தண்டின் அடிப்பகுதியில் மயிர் இருக்கலாம், நுனிப்பகுதி வழுவழுப்பாக இருக்கும். பிறகு சூலகத்தைப் பிளேடால் நீளவாக்கில் கீறி உள்ளிருக்கும் சூல்களை, அதாவது பின்னர் விதையாக வேண்டிய நுண்மணிகளை, எண்ணுங்கள். ரிங்கோசியாவில் வழக்கமாக இரண்டு, எப்போதாவது ஒன்று. விக்னாவிலும் துவரையிலும் அதைவிட அதிகம். காய் கிடைக்காத பருவத்தில் இந்த எண்ணிக்கையைப் போல் உறுதி தரும் அடையாளம் வேறில்லை. பூவைப் பிரிக்கச் சோம்பல்படுகிறவர்கள்தாம் ஐயத்தில் தங்கிவிடுகிறார்கள்.

இலையின் அடிப்பக்கம்

பூவைவிட இலையே அதிகம் சொல்லும் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டின் பெரும்பகுதியில் கையில் கிடைப்பதும் அதுதான்.

ஒவ்வோர் இலையிலும் மூன்று சிற்றிலைகள் இருக்கும். நடுச்சிற்றிலைக்குத் தனிக்காம்பு நீண்டிருக்கும், பக்கச் சிற்றிலைகள் இரண்டும் ஏறத்தாழக் காம்பின்றி அமர்ந்திருக்கும். நடுச்சிற்றிலை சாய்சதுரத்துக்கும் வட்டத்துக்கும் இடைப்பட்ட வடிவில், பெரும்பாலும் 1 முதல் 3 சென்டிமீட்டர் நீளம் இருக்கும், அகலமும் அதற்கு நெருங்கி வரும். பக்கச் சிற்றிலைகளில் வெளிப்பாதி உட்பாதியைவிட அகன்று கோணலாக இருக்கும். அடியிலிருந்து மூன்று நரம்புகள் தெளிவாகப் புறப்படும். சிற்றிலை ஒவ்வொன்றின் அடியிலும் சிறு வீக்கம் தெரியும். அது அதைப்பு எனப்படும், இலை திரும்புவதற்கும் மடிவதற்கும் அதுவே காரணம். நண்பகல் வெயிலில் சிற்றிலைகள் விளிம்பைச் சூரியனுக்குக் காட்டி நிற்பதைக் கண்டால் இலை வாடிவிட்டது என்று கருத வேண்டாம்.

இப்போது இலையைத் திருப்பி, வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்து, அடிப்பக்கத்தைக் கைலென்ஸில் பாருங்கள். மயிர்களுக்கிடையே மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறத்தில் மிகச் சிறிய புள்ளிகள் நிறைந்திருக்கும். அவை பிசின் போன்ற பொருளைச் சுரக்கும் சுரப்பிகள். முதிர்ந்த இலையில் தூசி படிந்து மறைந்துவிடலாம் என்பதால் கொடி நுனியிலிருந்து மூன்றாவது அல்லது நான்காவது இலையைத் தேர்ந்தெடுங்கள். பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் எதுவும் தெரியாது. அப்போது செய்ய வேண்டியது ஒன்று. டொங்காட்டிலும் சாட்ஸ்வர்த்திலும் பழைய வீடுகளின் பின்புறத்தில் முருங்கையோடும் கறிவேப்பிலையோடும் ஒரு துவரஞ்செடி இருப்பது வழக்கம். அந்தத் துவரையின் இலையைத் திருப்பி அதே லென்ஸில் பாருங்கள். அதே சுரப்பிப் புள்ளிகள் அங்கே இன்னும் எளிதாகத் தெரியும். துவரையும் ரிங்கோசியாவும் அவரைக் குடும்பத்தின் ஒரே துணைக்குலத்தைச் சேர்ந்தவை, இந்தச் சுரப்பிகள் அந்த உறவின் அடையாளம். கண் பழகியபின் வேலிக்குத் திரும்பி வாருங்கள்.

சுரப்பிப் புள்ளி இருந்தால் துவரையின் உறவு, இல்லாவிட்டால் பெரும்பாலும் பயற்றின் உறவு. இந்த ஒரே சோதனை இப்பகுதியின் மஞ்சள் பூ அவரைக் கொடிகளை ஏறத்தாழ இரண்டாகப் பிரித்துவிடுகிறது.

தண்டும் காயும்

தண்டு மெல்லியது, வரிவரியாக இருக்கும், நுண்மயிர் போர்த்தியிருக்கும். பற்றுக்கம்பி கிடையாது, தண்டே சுற்றிக்கொண்டு ஏறும். பற்றுவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் தரையில் படரும், அப்போது அதைத் தரைக்கொடி என்று தவறாகக் குறித்துவிடக் கூடாது. எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதைக் கொடியின் நுனியை மேலிருந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அவரைக் கொடிகள் பொதுவாகக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். இலைக்காம்பின் அடியில் இருபுறமும் உள்ள இலையடிச் செதில்கள் சிறியவை, சீக்கிரமே உதிர்ந்துவிடும், இளங்கணுக்களில் தேடுங்கள். பல்லாண்டு வாழும் இதன் வேர்ப்பகுதி கட்டைபோல் தடித்திருக்கும், அதைப் பார்ப்பதற்காகத் தோண்ட வேண்டியதில்லை.

காய்தான் முடிவான சான்று. 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளம், 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலம், தட்டை, சற்றே வளைவு, நுனியில் சிறு கூர்முனை, மேலே குறுமயிர். உள்ளே பெரும்பாலும் இரண்டு விதைகள், சிலவற்றில் ஒன்று. விதை சுமார் 3 மில்லிமீட்டர், சாம்பல், பழுப்பு அல்லது கருமை நிறத்தில், பலவற்றில் புள்ளி விழுந்து இருக்கும். முற்றிய காய் வெடிக்கும்போது இரு ஓடுகளும் முறுக்கிக்கொள்ளும், வெடித்த ஓடுகள் கொடியிலேயே சில காலம் தங்கும். ஆகவே விதை சிதறிவிட்ட பின்னும் ஓட்டின் அளவை எடுக்கலாம்.

விதையை வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். இதே வேலிகளில் குன்றிமணியும் ஏறியிருக்கும், அதன் நச்சு அனைவரும் அறிந்தது. அவரைக் குடும்பத்தின் காட்டு விதைகளில் எது உண்ணத் தக்கது என்பதைச் சுவையால் கண்டுபிடிக்க முடியாது.

உறவினரிடமிருந்து பிரித்தறிதல்

மிகவும் குழப்பத் தக்கது ரிங்கோசியா கரிபேயா. இதுவும் ஏறுகொடி, இதுவும் மஞ்சள், இதிலும் சுரப்பிப் புள்ளி, இதிலும் இரண்டு விதை. ஆனால் எல்லாமே சற்றுப் பெரிது: பூ ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இருக்கும், சிற்றிலையும் அதற்கேற்ப அகலும். இரண்டையும் பிரிக்க, இதழ்களின் அடியைச் சூழ்ந்திருக்கும் புல்லிவட்டத்தைப் பாருங்கள். மினிமாவில் அது குட்டையானது, இதழ்கள் அதைத் தாண்டித் தெளிவாக நீண்டிருக்கும். கரிபேயாவில் புல்லிவட்டத்தின் பற்கள் பொதுவாக நீண்டு, இதழ்களின் நீளத்தை நெருங்கி வரும். வேலியில் நின்றபடியே பக்கவாட்டில் பார்த்து இதைச் சொல்லிவிடலாம். உள்நாட்டுப் புல்வெளிகளுக்குச் சென்றால் இந்தப் பேரினத்தின் வேறு பல இனங்களையும் காண்பீர்கள். அவற்றுள் ரிங்கோசியா மோனோஃபில்லா மூன்றுக்குப் பதிலாக ஒரே சிற்றிலை கொண்டது.

சுரப்பிப் புள்ளி இல்லாத பக்கத்தில் இரண்டு கொடிகளை அறிந்தால் போதும். நாணல் வளரும் ஈரநிலத்திலும் ஓடைக்கரையிலும் ஏறுவது விக்னா லூட்டியோலா. அதன் பூ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் அளவில் பளிச்சென்று இருக்கும், சிற்றிலை முட்டை வடிவில் தொடங்கிக் கூர்மையாக முடியும், காய் 4 முதல் 8 சென்டிமீட்டர் நீண்டு பல விதைகள் கொண்டிருக்கும். கடற்கரை மணலில் படர்வது விக்னா மரினா. அதன் சிற்றிலைகள் தடித்து, நுனி உருண்டு, மயிரின்றி இருக்கும். இரண்டிலும் பூக்கள் காம்பின் நுனியருகே நெருங்கி இருக்கும், பூ உதிர்ந்த இடத்தில் முடிச்சுப் போன்ற வீக்கங்கள் தங்கும். அவற்றில் தேன் சுரப்பதால் எறும்புகள் மொய்ப்பதைக் காணலாம். மினிமாவின் மெல்லிய கொத்தில் இத்தகைய முடிச்சுகள் இல்லை.

மொரீசியஸிலோ ரெயூனியனிலோ உறவினரைப் பார்க்கச் செல்பவர்கள் மற்றொரு கொடியையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கஜானஸ் ஸ்கராபியாய்டஸ் என்ற அது துவரையின் நெருங்கிய காட்டு உறவுகளுள் ஒன்று. துவரை ஆராய்ச்சியாளர்கள் புதிய இரகங்களை உருவாக்க அதைத் துவரையோடு கலப்பினம் செய்கிறார்கள். அதிலும் மஞ்சள் பூ, சுரப்பிப் புள்ளி எல்லாம் உண்டு, ஆனால் காயைப் பார்த்த நொடியில் ஐயம் தீரும்: விதைகளுக்கு இடையே குறுக்குப் பள்ளங்கள் விழுந்திருக்கும், மேலே மயிர் அடர்ந்திருக்கும், உள்ளே நான்கு முதல் ஆறு விதைகள் இருக்கும். விதையின் தழும்பருகே வெளிர்நிறச் சதைப்பற்றான ஒரு முனைப்பும் உண்டு.

பதிவு செய்தலும் பதப்படுத்தலும்

படமெடுப்பவர்கள் பெரும்பாலும் பூவை மட்டும் நெருக்கமாக எடுத்துவிட்டு வருகிறார்கள். அந்தப் படத்தைக் கொண்டு எந்தத் தாவரவியலாளரும் இனம் சொல்ல முடியாது. கொடி ஏறியிருக்கும் முழுத் தோற்றம், கொத்து முழுவதும், பூவின் முன்புறமும் பக்கவாட்டும் புல்லிவட்டம் தெரியும்படி, இலையின் மேற்பக்கம், அடிப்பக்கம், அளவுகோலுக்கு அருகே வைத்த காய் ஆகியவை இருந்தால் பயன்படும். உயிரினப் படங்களைப் பகிர்ந்து இனங்காணும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றும்போது கணினி முன்வைக்கும் பெயரைக் குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள். மஞ்சள் பூவும் மூன்று சிற்றிலையும் உள்ள கொடிகளில் அது அடிக்கடி தடுமாறும். உங்கள் குறிப்பில் சுரப்பிப் புள்ளி உண்டா இல்லையா, சூல் எத்தனை என்ற இரண்டையும் எழுதினால் மற்றவர்கள் சரிபார்ப்பது எளிதாகும்.

அழுத்தி உலர்த்துவதற்குப் பூவும் காயும் உள்ள ஒரு முழம் கொடியை வெட்டி, செய்தித்தாள் மடிப்பில் பரப்பி, ஓர் இலையையேனும் அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். உலர்ந்த இலையிலும் சுரப்பிகள் தெரியும், பூவின் மஞ்சள் நிறம்தான் மங்கும். தாள்களுக்கு மேலும் கீழும் அட்டை வைத்துக் கனமான பொருளால் அழுத்துங்கள். டர்பனின் கோடைக்காற்றில் ஈரம் மிகுதி என்பதால் முதல் சில நாட்களுக்குத் தினமும் தாளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து இலைகள் கறுக்கும். உலர்ந்தபின் காற்றுப் புகாத பையில் கட்டி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் பூச்சிகள் சாகும். உதிர்ந்த விதைகளைத் தனி உறையில் இட்டு அதே தாளோடு சேர்த்து வையுங்கள்.

ஒவ்வொரு மாதிரிக்கும் எழுத வேண்டியவை: நாள், இடம், ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை), நிலத்தின் தன்மை, கொடி எதன்மேல் எவ்வளவு உயரம் ஏறியிருந்தது, மலர்ந்த பூவின் நிறம், கொடியல்லியின் முதுகில் கோடு இருந்ததா, எடுத்தவர் பெயர். உலர்ந்தபின் தெரியாமல் போகும் செய்திகளே இந்தக் குறிப்பில் முதன்மையானவை. இந்தத் துறையில் ஆழ்ந்து செல்ல விரும்புபவர்களுக்கு டர்பன் தாவரவியல் பூங்காவை ஒட்டியுள்ள குவாசூலு-நேட்டால் ஹெர்பேரியம் (உலர்த்திய தாவர மாதிரிகளின் காப்பகம்) நல்ல துணை. ஜான் மெட்லி வுட் 1882இல் தொடங்கிய தொகுப்பு அது. முன்கூட்டியே தொடர்புகொண்டு, ஒழுங்காகக் குறிப்பெழுதிய மாதிரியைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அங்கே பாதுகாக்கப்படும் ரிங்கோசியா தாள்களோடு உங்கள் கொடியின் புல்லிவட்டத்தையும் காயையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால் மினிமாவா கரிபேயாவா என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைக்கும்.